ஒரே வரி இரண்டு தரம்

வீரபாகுவுக்கு இடது முழங்கால் மடங்காது. இளம்பிள்ளையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் கால் வீங்கியது. வீக்கம் வடிந்தபோது முட்டி கட்டையாகிவிட்டது. தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிக்க முடியாதவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? பெண்களோடு உட்கார்ந்து நூல் சுற்றினான். நீட்டிய காலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அண்ணி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏழாவது மாதம் சேலத்துக்கு வந்துவிட்டான்.

செவ்வாய்ப்பேட்டையில் பெரியசாமியின் அச்சாபீசில் அவனைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணமே அந்தக் கால்தான். அச்சுக்கோக்கிறவன் நாள் முழுக்க எழுத்துப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும்.

"உக்காரவே முடியாத ஆளு. இதுக்கு மேல என்ன வேணும்" என்றார் பெரியசாமி.

பதினெட்டு வருஷம் நின்றான். குஞ்சம்மாளைக் கட்டினான், இரண்டு பெண்கள் பிறந்தன. இந்த வேலை போனால் இன்னொரு வேலை இந்தக் காலுக்குக் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும், பெரியசாமிக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் மூன்று வகுப்போடு சரி. அதனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ஆரம்பத்தில் ஒரு நோட்டீசில் 'காளைச் சந்தை' என்று இருந்ததைக் 'காலைச் சந்தை' என்று திருத்திக் கோத்துவிட்டான். மாட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "எழுத்தைப் பாரு. அர்த்தம் பாக்கறது உன்ற சோலி இல்ல" என்று பெரியசாமி சொன்னார். அதற்கப்புறம் வீரபாகு அர்த்தம் பார்த்ததே இல்லை. பக்கம் பக்கமாகக் கோத்துவிட்டு, என்ன புத்தகம் என்று கேட்டால் விழிப்பான்.

ஒரே வரியைத் தெரியாமல் இரண்டு தரம் கோத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் வரும் வியாதி. அதற்குப் பேர் இரட்டை. நாற்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் வீரபாகுவுக்கு அது வந்தது. பெண் மாரக்காளின் தகப்பன் பெயர் வரி அப்படியே இரண்டு தரம். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் பெண்ணின் சித்தப்பன்; அவன் கண்ணிலும் படவில்லை. மாரக்காளுக்கு ரெண்டு அப்பனா என்று ஊர் சிரித்தது. சித்தப்பனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொருக்கா ரெட்டை வந்துச்சுன்னா, அந்தாண்டயே போயிரு" என்றார் பெரியசாமி.

அந்தச் சமயத்தில்தான் மருதாசலம் வாத்தியாரின் புத்தகம் வந்தது. மோகனூர்க்காரர், சேலத்தில் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். பெரிய கணக்கைத் தமிழில் எழுத முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். நாலு வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தார். யுத்த காலம், காகிதத்துக்குக் கட்டுப்பாடு. ஆயிரம் பிரதிக்கு மட்டும் சர்க்காரிடம் அனுமதி எழுதி வாங்கி வந்திருந்தார். அதற்கு மேல் ஒரு தாள் கிடையாது.

வீரபாகு கோக்கும்போது வாத்தியார் பக்கத்தில் வந்து நிற்பார்.

"இதென்னங்க, ரெண்டு பக்கமும் வேலி நட்டு நம்பரை உள்ள அடைச்சாப்புல இருக்குது?"

"அதுக்குப் பேரு அணிக்கோவை. குறுக்க போறது நிரை, நெடுக்க எறங்கறது நிரல். நிரை எத்தனையோ நிரலும் அத்தனை இருக்கோணும். எல்லாத்தையும் ஒரு முறை வெச்சுப் பெருக்கிக் கூட்டிக் கழிச்சா, கடைசியா ஒரே ஒரு நம்பர் நிக்கும். அதுதான் அதோட மதிப்பு."

"கோவைன்னா, நாங்க கோக்கறமே அதுங்களா?"

"அதேதான். அணியா நிறுத்திக் கோக்கறது. உன்ற தொழில் வீரபாகு. பேரு வைக்கறப்ப உன்னையக் கேட்டிருக்கோணும்."

இதை வீட்டில் வந்து சொன்னான். "என்ற தொழில் பேருல காலேஜுல ஒரு கணக்கு இருக்குது புள்ள."

"அதுல நொண்டிக்கும் ஒரு பேரு வெச்சிருக்காங்களா?" என்றாள் குஞ்சம்மாள். சோறு போட்டுக்கொண்டேதான் கேட்டாள். அவனும் சிரித்தான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கோத்தாகி, வாத்தியார் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் அவருடைய அண்ணன் இறந்த சேதி வந்து மோகனூர் போய்விட்டார். மிஷினுக்கு ஏற்றுவதற்காகப் பக்கங்களைச் சட்டத்தில் அடைத்து முடுக்கிக்கொண்டிருந்தபோது வீரபாகுவின் கண் ஓரிடத்தில் நின்றது. வேலிக்குள் முதல் நிரை 2, 5, 7. அடுத்தது 3, 1, 4. மூன்றாவது மறுபடியும் 2, 5, 7.

இரட்டை.

கையெழுத்துப் பிரதியை வாத்தியார் கையோடு கொண்டுபோயிருந்தார். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தான். அதிலும் அப்படித்தான் இருந்தது. இருந்தால் என்ன? சித்தப்பனும்தான் கையெழுத்துப் போட்டான்.

பக்கத்துப் பெட்டியில் நின்ற பச்சமுத்துவைக் கேட்டான்.

"நீ வாத்தியாருக்கே கணக்கு சொல்லித் தாரியாக்கும்" என்றான் பச்சமுத்து. "மொதலாளியப் போயிக் கேளு."

பெரியசாமி மிஷின்காரனோடு மை விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனப்பா, ரெட்டை வந்தா என்ன பண்ணோணும்னு இன்னமும் நான் சொல்லோணுமா?"

வீரபாகு மூன்றாவது நிரையை எடுத்தான். இரண்டு பக்கமும் வேலியாக நின்ற பித்தளைக் கோடுகளையும் அளவாக வெட்டிக் குறைத்தான். இடைவெளி தெரியாமல் கச்சிதமாக அடைத்தான். ஆயிரம் தாளும் அன்றைக்கே ஓடிவிட்டது.

வாத்தியார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, அச்சான தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. வீரபாகுவைக் கூப்பிட்டு, வேலிக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இதைப் படி."

வீரபாகு எழுத்துக் கூட்டிப் படித்தான். 'இரு நிரைகள் ஒன்றாயிருப்பின் அணிக்கோவையின் மதிப்பு பூஜ்யம்.'

"இதைக் கோத்தது ஆரு?"

"நானுங்க."

"கோக்கறப்பப் படிக்கலயா?"

"படிக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

வாத்தியார் விரலை எடுத்தார். "ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் வீரபாகு அந்தப் பாடமே. ஒண்ண எடுத்துட்டியே. நாலு வருசம் எழுதுனதைப் பாக்கறவன், இவனுக்கு நிரை எது நிரல் எதுன்னே தெரியலம்பான்."

"மொதலாளியக் கேட்டுத்தானுங்க..."

"நான் எப்பச் சொன்னேன்?" என்றார் பெரியசாமி. பச்சமுத்து எழுத்துப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

மறுபடி அடிக்கத் தாள் இல்லை. ஆபீசில் கிடந்த வெட்டுத் துண்டுகளில் திருத்தச் சீட்டு அடித்துப் புத்தகத்துக்கு ஒன்றாக ஒட்டுவது என்று முடிவாயிற்று. வாசகத்தைப் பெரியசாமியே எழுதினார். '112ஆம் பக்கத்தில் மூன்றாம் நிரை, அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவால் விடுபட்டது.' அதைக் கோக்கவும் வீரபாகுவிடமே கொடுத்தார்.

"இதைக் கோத்துக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ. நாளைக்கு வர வேண்டாம்."

வீரபாகு தாளைப் பார்த்தான். இந்தத் தரம் படித்தான்.

"கவனக்குறைவுன்னு போட வேண்டாமுங்க. கவனமா இருந்ததுனாலதானுங்க வந்துச்சு. வேற என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க."

பெரியசாமி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாருக்குப் புத்தகம்தான் பெரிது. "இருக்கட்டும், நேரமாச்சு" என்றார்.

கோத்தான். ஒரு பிழை இல்லை.

புத்தகம் நன்றாகவே போயிற்று. சீட்டும் கூடவே போயிற்று. சேலத்தில் வீரபாகு மூன்று அச்சாபீஸ் ஏறி இறங்கினான். மூன்றாவது இடத்தில் ஒருத்தன் தலைநிமிராமலே, "ஆரு, மூணாம் நிரையா? இங்க நிரையெல்லாம் சரியாத்தான் இருக்குது, போ" என்றான். அதற்குள் பேர் வைத்தாகிவிட்டது. அணிக்கோவை என்றால் என்னவென்று தெரியாதவனெல்லாம் நிரை என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு அவனைக் கூப்பிட்டான்.

வருஷக் கடைசியில் ராசிபுரத்தில் டூரிங் கொட்டகை வாசலில் நின்று சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்தது. அங்கே எல்லாரும் வீரபாகு என்றே கூப்பிட்டார்கள். எட்டு மாதம் அப்படி. ஒரு சனிக்கிழமை பச்சமுத்து மாமியார் வீட்டுக்கு வந்தவன், பெண்டாட்டியோடு படம் பார்க்க வந்து வரிசையில் நின்றான்.

"அட, மூணாம் நிரை. இங்கயா இருக்கற?"

முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதென்ன பேரு என்று ஒருவன் கேட்டான். பச்சமுத்து கையை ஆட்டி ஆட்டி முழுக்கதையும் சொன்னான். முதலாளியைக் கேட்கச் சொன்னது தான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டான். வீரபாகு அவன் சீட்டை வாங்கிக் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தான்.

திங்கட்கிழமையிலிருந்து ராசிபுரத்திலும் அதுதான் பேர்.