கையைக் காட்டு

எங்கள் பெரியம்மா கதிரையில் சாய்ந்து இருந்ததை நான் கண்டதே இல்லை. கதிரைக்கு முதுகு எதற்கு என்று அதைச் செய்த தச்சனைத்தான் கேட்க வேண்டும். அம்மாவுக்கு மூத்தவர், கல்யாணம் கட்டாதவர், கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். நான் நடக்கிற நடையும் இருக்கிற இருப்பும் அவருடைய ஆட்சிக்குள்தான். காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. தெருவில் எதையும் தின்னவே கூடாது. பெரியவர்கள் முன்னால் வந்தால் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, ஆடாமல் நிற்க வேண்டும். தவறினால் "கையைக் காட்டு" என்பார். அலுமாரிக்கு மேலிருந்து அடிமட்டம் இறங்கும், உள்ளங்கையில் சுள்ளென்று விழும். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெரு வளைவில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருந்தார்கள். முதல் நாள் அந்தப் பக்கம் யாரோ எதையோ எறிந்துவிட்டு ஓடினார்களாம். பெரியவர்கள் குசினிக்குள் அடுப்பைச் சுற்றி நின்று குசுகுசுத்தார்கள், என்னைக் கண்டதும் கதையை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டார்கள். பெரியம்மா வருவதற்குள், சிநேகிதி தந்த மாங்காயில் ஒரு கடிதான் கடித்திருப்பேன். உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய சின்ன மாங்காய். வாசலில் அவருடைய வெள்ளைச் சேலை தெரிந்ததும் அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"நிமிர்ந்து நட பிள்ளை. ஓடப்படாது. திரும்பிப் பாக்கவும் படாது" என்று மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். கடைகளெல்லாம் பூட்டு. தெருவில் ஒரு சனம் இல்லை. அவருடைய கை ஈரமாக இருந்தது. எனக்கோ மாங்காய்ச் சாறு விரலிடுக்கால் வழிந்துவிடுமோ என்று ஒரே பயம்.

வளைவில் ஒரு சிப்பாய் மறித்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. துவக்கைத் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கத்தினான். எப்படியும் என்னைவிடப் பெரியவர்தானே! பெரியம்மாவின் பிடியை உதறிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, பழக்கியபடியே நேராக நின்றேன். மாங்காயை மறைக்கவும் அது நல்ல வசதி.

அவன் ஓரடி பின்னால் போனான். மறுபடியும் கத்தினான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே திரும்பியது.

பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியும். "பிள்ளை, கையைக் காட்டு" என்றார்.

ஐயோ, கண்டுவிட்டார்! விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"கையைக் காட்டடி!"

"ஏலாது பெரியம்மா. ஒண்டுமில்லை. என்னட்ட ஒண்டுமே இல்லை."

அவனுடைய துவக்கு ஆடியது. அந்த ஆட்டம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெரியம்மா நடுத்தெருவில் முழங்காலில் விழுந்தார். சேலை ஏறிவிட்டது, கொண்டை அவிழ்ந்துவிட்டது. துவக்குக்கும் எனக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்தபடி என் கையை முன்னால் இழுத்து, விரல் விரலாகப் பிரித்தார். மாங்காய் உருண்டு போய் அவனுடைய சப்பாத்துக் காலில் முட்டி நின்றது. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போகச் சொல்லித் தலையை ஆட்டினான்.

அன்று முழுக்க அடிமட்டத்துக்காகக் காத்திருந்தேன். அது இறங்கவில்லை. பெரியம்மா குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டிப்போட்டு இருந்தார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "இனி ஆருக்கு முன்னால நிண்டாலும் கையைப் பின்னுக்குக் கட்டாதை. முன்னுக்கு விரிச்சு வைச்சிரு. எல்லாருக்கும் தெரியவேணும்."

"ஓம் பெரியம்மா" என்றேன். ஒரு சின்ன மாங்காயைப் பிடிப்பதற்காகச் சட்டத்தையே மாற்றிவிட்டாரே என்று எனக்கு அவர் மேல் பொல்லாத கோபம். ஒரு கிழமை, ஏழு நாளும், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.