கவிழ்த்து வைத்த வாளி

எங்கள் மீன் குட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. தீனி போட்டவர் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எனக்குக் கம்பெனியில் வாராவாரம் ஷிஃப்ட் மாறும். ஓ.டி. என்று கூடுதல் வேலை வந்துவிட்டால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. அதற்காக என் மனைவி கண்டுபிடித்த ஏற்பாடு அது. வாளி நிமிர்ந்திருந்தால் மீன் பட்டினி, கவிழ்ந்திருந்தால் சாப்பிட்டாயிற்று. ராத்திரி படுக்கும் முன் அவள் அதை மறுநாளுக்காக நிமிர்த்தி வைப்பாள்.

ஒரகடம் பக்கம் எங்களைச் சுற்றி எல்லாரும் நிலத்தில் வரிசையாக ரூம் கட்டி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நாங்கள் மட்டும் குட்டை வெட்டிக் கட்லா, ரோகு மீன்கள் விட்டிருந்தோம். போன தடவை தவிடு, புண்ணாக்கு வாங்கிய காசுதான் திரும்பி வந்தது. "மீனுக்கு வயசு ஏறுது, எடை ஏறல," என்றார் வாலாஜாபாத் மீன் வியாபாரி. அவர் வாயைத் திறந்தால் இப்படி ஒன்று விழும், நான் சேர்த்து வைத்துக்கொள்வேன். மனைவி சேர்த்து வைக்கிற ரகம் இல்லை. "இந்தவாட்டியும் தேறலன்னா மண்ணடிச்சி மூடிட்டு நாமளும் ரூம் கட்டிடலாம்," என்றாள். சரி என்றேன்.

இந்த முறை மீன் நன்றாகவே வளர்ந்தது. பிடிக்க ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தது. வானமும் நாலு நாளாக மூடிக்கொண்டு கிடந்தது. காலையில் வந்ததும் தீனி போட்டேன், வாளியைக் கவிழ்த்தேன், அதன் மேலேயே உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினேன். நாற்றம் தாங்காமல் அதே வாளியில் சாக்ஸை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, வாளியை நிமிர்ந்தபடியே விட்டுப் போய்ப் படுத்தேன். நாலு நாளும் இதே கதை.

ஐந்தாம் நாள் காலை வாசலிலேயே அவள் குரல். "ஓடியாங்க! எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது!"

வெயிலில்லாத நாளில் மீன் சரியாகத் தின்னாது. தின்னாத தீனி அடியில் அழுகி, மீனுக்கு மூச்சு விடத் தண்ணீரில் காற்றில்லை. மோட்டாரைப் போட்டு, தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற மாதிரி குழாயைக் கட்டினோம். இடுப்பளவில் இறங்கி, ஆளுக்கொரு தட்டால் மத்தியானம்வரை தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தோம். ராத்திரி முழுக்க லைனில் நின்ற கால், சேற்றில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எடை ஏறிய பெரிய மீன்கள்தான் முதலில் செத்து மிதந்தன.

கரையேறியவள் கொடியில் தொங்கிய சாக்ஸைப் பார்த்தாள். அப்புறம் வாளியைப் பார்த்தாள்.

"தெனமும் நீங்களும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"நானுந்தான் போட்டேன். மீனுக்கும் ஓ.டி. குடுத்துட்டோம், போங்க."

சாயங்காலம் வியாபாரி வந்தார். "மிச்சத்த இப்பவே புடிச்சிடலாமா தங்கச்சி? வலை வண்டிலதான் கீது."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். தப்பித்த சின்ன மீன்கள் கீழே இறங்கியிருந்தன.

"இருக்கட்டுண்ணே. ரூம் கட்டினாலும் ராவும் பகலும் நாங்கதான் தண்ணி வுடணும். இதுங்களாவது கொழா ரிப்பேருன்னு ஃபோன் பண்ணாது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இன்று யாரும் தீனி போடக்கூடாது என்று வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள். கம்பெனி பஸ் வருகிற நேரம். உட்கார இடமில்லாமல், நின்றபடியே ஷூவை மாட்டினேன்.