லங்காவியில் வாங்கிய படகும் பாரிமுனையில் நின்ற நானும்

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. சிட்லபாக்கத்தில் என் வீட்டு வாசலில் கால் டாக்சி வந்து நின்றது. விமான நிலையம் எட்டு கிலோமீட்டர்தான். பல்லாவரம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம், இன்னொரு விமானம் மாறி ஒரு மணி நேரம். பொழுது சாய்வதற்குள் லங்காவித் தீவில் நின்றேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போக எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. குரோம்பேட்டையில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்தால் போய்விடக்கூடிய பாரிமுனையில்தான் ஐந்து மாதம் அலைந்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதி வாழ்க்கையை ஆரம்பித்தவன். பிறகு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, பிறகு சொந்த லாரிகள். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்று எனக்கு அறுபத்தேழு வயது. வட்டிக்கு வாங்காமல், எவன் காலிலும் விழாமல், ஒரு பாய்மரப் படகு வாங்குகிற அளவுக்கு வந்திருக்கிறேன். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் இன்னொருத்தன் வாங்கியிருந்தால் காட்டுங்கள்.

படகு ஆசை எப்படி வந்தது? பெருவெள்ளத்தில் முடிச்சூர் முங்கியபோது, கோவளத்திலிருந்து மீனவர்களின் ஃபைபர் படகுகளை ஏற்றி வந்தது என் லாரிகள். அதில் ஒரு படகோடு வந்து இறங்கியவர்தான் தேசப்பன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கடலுக்குப் போக ஆரம்பித்தேன். நாற்பது வருஷம் லாரித் தொழிலில் கிடந்தவனுக்குக் கடல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுங்கச்சாவடி கிடையாது, குறுக்கே பாயும் ஆட்டோ கிடையாது, ஓரம் கட்டு என்று கை காட்டுகிறவன் கிடையாது. அதில் மயங்கியவன்தான்.

காலனியில் விஷயம் தெரிந்ததும், காலையில் ஏரிக்கரையில் நடக்கிற ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் என்னை நிறுத்தி, "ஏரியில விடவா சார், இல்ல டிசம்பர் மழைக்கா?" என்றார். கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

லங்காவியில் என்னை ஏற்றிய டாக்சிக்காரர் முனியாண்டி. தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பம். படகுத் துறைக்கு முப்பது ரிங்கிட் என்றார், பேசாமல் கொடுத்தேன். வழியில், "ஐயா, இங்க வெள்ளக்காரன் விப்பான், வெள்ளக்காரன் வாங்குவான். நம்ம ஆளு வாங்கி நான் பாத்ததில்ல," என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. இறங்கும்போது இருபது ரிங்கிட் சேர்த்துக் கொடுத்தேன்.

படகு முப்பத்தாறு அடி. வெள்ளை ஃபைபர், நடுவில் ஒற்றைப் பாய்மரம், அடியில் டீசல் இன்ஜின், உள்ளே நாலு பேர் படுக்கலாம். விலையைச் சொல்ல மாட்டேன். சிட்லபாக்கத்தில் அரை கிரவுண்டு நிலம் அந்த விலைக்குக் கிடைக்காது, அவ்வளவு சொன்னால் போதும். விற்றவர் ஒரு டச்சுக்காரர், மனைவி இறந்துபோய் ஊர் திரும்புகிறவர். தேசப்பன் எனக்கு முன்னாலேயே வந்து படகைப் பார்த்து வைத்திருந்தார். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர், பாஸ்போர்ட் எல்லாம் தயாராக இருந்தது. சுற்றிக் காட்டிவிட்டு அவர் சொன்ன ஒரே குறை இதுதான்: "கக்கூஸ் கீது, கிச்சன் கீது, ஃபேன் கீது. மீன் போட மட்டும் எடம் இல்லண்ணா."

அவருக்கும் டச்சுக்காரருக்கும் பொதுவான பாஷை கிடையாது. ஆனால் டச்சுக்காரர் படகில் கால் வைக்குமுன் ஷூவைக் கழற்றுவதைப் பார்த்ததும் தேசப்பனுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. கோவளத்தில் செருப்போடு படகில் ஏறினால் அடிக்கவே வந்துவிடுவார்கள். டச்சுக்காரருக்குத் தளத்தில் கீறல் விழக் கூடாது, இவருக்குப் படகு சாமி. காரணம் வேறானாலும் கழற்ற வேண்டியதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பணம் கொடுத்த அன்று டச்சுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். படகு அவர் நாட்டில் பதிவாகியிருக்கிறது, இந்தியாவில் பதிவாகிற வரை அதை அப்படியே விட்டுவைக்கட்டுமா என்று. வேண்டாம், முதலில் ரத்து செய்து கையில் கொடுங்கள் என்றேன். நிச்சயமாகவா என்றார். நிச்சயமாக என்றேன். ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் எத்தனை லாரி வாங்கியிருக்கிறேன்! பழைய ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்காமல் நம் ஊர் ஆர்.டி.ஓ. வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பழைய பதிவு உயிரோடு இருக்க வண்டி வாங்குகிறவன் ஏமாளி. மனுஷன் தலையை ஆட்டிவிட்டு ரத்து செய்து கொடுத்தார், ஊருக்கும் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பாட்டு அனுமதி கேட்டுத் துறைமுக அலுவலகத்துக்குப் போனோம். மலாய் பேச முனியாண்டியைக் கூட்டிப் போயிருந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். முனியாண்டி தமிழில் சொன்னார்: "ஐயா, இந்தப் படகு எந்த நாடுன்னு கேக்குறார்."

இந்தியா என்றேன். அதற்குக் காகிதம் கேட்டார். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றேன். டச்சுக்காரர் கொடுத்த ரத்துச் சான்றை விரித்துப் பார்த்தார், மடித்து என் பக்கம் தள்ளினார்.

"ஒங்க படகுக்கு இப்ப நாடு இல்லையாம். நாடு இல்லாத படக வெளிய வுட முடியாதாம்."

லாரிக்கு நாடு தேவையில்லை. ஓசூர் தாண்டினால் யாரும் நீ எந்த நாடு என்று கேட்பதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவன் ஒரு படகு வாங்கிவிட்டு வந்து சொல்லட்டும். தேசப்பனைப் படகில் விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் காகிதத்தோடு வருகிறேன் என்று விமானம் ஏறினேன்.

இனி பாரிமுனைப் பயணம். காலை எட்டரைக்குக் குரோம்பேட்டையில் மின்சார ரயில். மாம்பலம் வரை நின்றுகொண்டு, அதற்கு மேல் உட்கார்ந்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து அந்த அலுவலகம். அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் என் மேல் இன்னொரு ஃபைல் திறப்பார்கள். மூன்றாவது மாடி. லிஃப்டில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று கறுப்பு ஷூ. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெசலைக் கொண்டு வாங்க சார். சர்வே பண்ணி அளந்துட்டு ரிஜிஸ்டர் பண்ணிடலாம்," என்றார்.

"ரிஜிஸ்டர் ஆனாத்தான் அங்க விடுவாங்க சார்."

"அது அவங்க ரூல்."

"படகு வந்தாத்தான் பேப்பர், பேப்பர் இருந்தாத்தான் படகு. நடுவுல நான் என்ன பண்ணட்டும்?"

"சர்வேயர் இன்னிக்கு லீவு. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனேன். மீன்பிடிப் படகா, பயணிகள் படகா, சரக்கா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை, நான் போகிறதுக்கு என்றேன். அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லையாம். பேனாவை மூடி வைத்துவிட்டு அதிகாரி கேட்டார்: "எதுக்கு சார் உங்களுக்கு இதெல்லாம்?"

இந்தக் கேள்விதான் எனக்கு ஆகவில்லை. கோட்டு போட்ட ஒருத்தன் வந்து நின்றிருந்தால் பொழுதுபோக்கு என்று அவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள். வேட்டி கட்டி, பட்டறையில் இன்னும் பிரஷ் பிடிக்கிற கையில் பெயிண்ட் கறையோடு நின்றால் எதுக்கு சார். நான் சம்பாதித்த காசு, நான் போகப் போகிற கடல். காரணம் இவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

இப்படியே ஜூன் போனது, ஜூலை போனது. அங்கே தேசப்பன் விசா முடியும்போதெல்லாம் படகுத்துறைக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு, ஃபெரி ஏறித் தாய்லாந்து போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்தார். போனில் ஒரு நாள் சொன்னார்: "இன்னாண்ணா, எல்லாப் படகுலயும் ஒரு கொடி கீது. நம்மள்து மட்டும் மொட்டையா நிக்குது. பக்கத்துப் படகுக்காரன் தெனம் வேர் ஆர் யூ ஃப்ரம்ன்றான். நான் கோவளம், கோவளம்னு சொல்லிகினு கீறேன்."

படகுக்கு என் மனைவி பெயரைத்தான் வைப்பதாக இருந்தேன், சரோஜா என்று. அவளோ, "என் பேரைக் கொண்டுபோய் ஆபீஸ் ஆபீஸா திட்டு வாங்க வெக்காதீங்க. வித்துட்டு வாங்க," என்றாள். காகிதம் இல்லாத படகைக் கேட்பார் யாருமில்லை என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. ஒன்று, நம் கொடியோடு வீட்டுக்கு வரும். இல்லையென்றால் அந்தத் துறையிலேயே பாசி பிடித்து மக்கும். வேறு வழியே கிடையாது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து சட்டை நனைந்து மூன்று மாடி ஏறிப் போனேன். அதிகாரி தலையைத் தூக்குமுன்பே, இன்று சர்வேயர் இருக்கிறாரா இல்லையா என்று குரலை உயர்த்தினேன். அந்த ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்: "கத்தாதீங்க சார். அவ்வளவு அவசரம்னா கோலாலம்பூர் தூதரகத்துல தற்காலிகச் சான்று வாங்கிட்டுப் படகை ஓட்டிட்டு வர வேண்டியதுதானே. ஆறு மாசம் செல்லும். சட்டத்துல இருக்கு."



"இதை ஏன் சார் முதல் நாளே சொல்லல?"

"நீங்க ரிஜிஸ்ட்ரேஷன் கேட்டீங்க. தற்காலிகம் கேக்கலையே."

மேஜையில் ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட் இருந்தது. அதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனைகளில் ஒன்று.

நவம்பரில் தூதரகத்தில் சான்று கொடுத்தார்கள். அங்கே யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. பின்பக்கம் படகின் பெயரும் பதிவுத் துறைமுகத்தின் பெயரும் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. லங்காவியில் இதற்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை இருக்கிறது. நான் பிரஷ் வாங்கினேன். படகுக்குப் பின்னால் ரப்பர் மிதவையில் உட்கார்ந்து, அலை ஆட்ட ஆட்ட, சரோஜா என்றும் சென்னை என்றும் விதிப்படி இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். ஸ்கேல் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள்.

புயல் மாதத்தில் கிளம்ப மாட்டேன் என்று தேசப்பன் சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். ஜனவரியில், வாடைக் காற்று சீராக விழுந்த பிறகு, ஒரு காலையில் கயிற்றை அவிழ்த்தோம். ஆயிரத்து இருநூறு கடல் மைல், இரண்டு கிழவர்கள். நிக்கோபாருக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் வந்தோம். பாதி நாட்கள் இன்ஜினைத் தொடவே இல்லை. முதல் இரண்டு நாள் நான் வாந்தி எடுத்தது உண்மை. அதற்குப் பிறகு தேசப்பன் தூங்க, நான் சுக்கான் பிடித்ததும் உண்மை. சுற்றிலும் ஒரு மனுஷன் கிடையாது. எதற்கு வாங்கினாய் என்று அங்கே என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது பின்னால் மூவர்ணக் கொடி பறந்தது. சுங்கக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு நிரந்தரப் பதிவுக்காகப் படகை அளக்க வந்தார்கள். டேப் பிடிக்க ஒரு சர்வேயர், அவருக்குப் பின்னால் ஃபைலோடு நம்ம அதிகாரி. அதே கறுப்பு ஷூ. ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனார்.

தேசப்பன் கையை நீட்டி மறித்தார். "செருப்ப அவுத்துட்டு ஏறு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். ஐந்து மாதம் என்னை நிற்க வைத்த மனிதர் படகுத்துறையில் ஒற்றைக் காலில் நின்று லேஸை அவிழ்த்தார், சாக்ஸையும் உருவிக்கொண்டு ஏறினார்.

அளந்தார்கள், எழுதினார்கள், இன்ஜின் நம்பர் பார்த்தார்கள். வேலை முடிந்து சர்வேயர் இறங்கிப் போன பிறகும் இவர் இறங்கவில்லை. சுக்கானைத் தொட்டார். பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, குரல் எழும்பாமல் கேட்டார்: "பாய் ஏத்தினா எப்படி இருக்கும்னு ஒரு தடவை காட்ட முடியுமா சார்?"

காற்று நன்றாகத்தான் இருந்தது. தேசப்பன் கயிற்றில் கைகூட வைத்துவிட்டார்.

"பாய் இன்னிக்கு லீவு சார்," என்றேன். "வியாழக்கிழமை வாங்க."

அன்று சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி, குரோம்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன். என் கோபம் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள், தீரவில்லை. நிரந்தரச் சான்று வந்து, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பேப்பர் வெயிட்தான் கண்ணில் நிற்கிறது.

ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் துறைமுகம் போனபோது அந்த மனிதர் எனக்கு முன்னாலேயே வந்து படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஃபைல் இல்லை, காலில் செருப்பும் இல்லை.