மாத்திரையும் மாசி மகமும்

வாத்தியார் வேலையில் பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடலாம், பெரியவர்களைச் சமாளிக்கத்தான் தெம்பு வேண்டும். பிரம்பு பிடித்துக் கை காய்த்துப்போன என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், மலாக்கா காஜா பேராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. அதில் ஒருத்தி சரோஜா.

வெள்ளியும் திங்களும்

வெள்ளிக்கிழமை மூன்றாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தாள். திங்கட்கிழமை கேட்டால் பேய் முழி முழிக்கிறாள். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட புண். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாயில ஒண்ணுக்குப் போயிட்டு வந்திருக்கா சார்!" என்று சிரித்தார்கள். அவர்களை அதட்டி உட்காரவைத்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்றேன்.

"வாய்ப்பாடு நேத்து இருந்துச்சு சார். இன்னிக்கு எங்க போச்சுன்னு தெரியல."

பெரிய வாத்தியார் வைத்தியம்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். மனுஷர் ஏட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு அனுப்பச் சொன்னார். நோய் மாதிரி தெரிகிறது ஐயா என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அவருக்கோ காப்பி ஆறுகிற கவலை.

"நாடே முன்னுக்குப் போவுது சார், நீங்க ஏன் ஒரு மக்கைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

சாவிக் கொத்து

வீட்டுக்கே போய்விட்டேன். அவள் அம்மா மாரியம்மா நல்ல மனுஷி, உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாள். பிள்ளை தூக்கத்தில் கைகால் வெட்டி இழுக்குமாம். இவள் உடனே சாவிக் கொத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்துவாளாம், நின்றுவிடுமாம். விடிந்தால் பிள்ளைக்கு ஒன்றும் நினைவிருக்காதாம்.

கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தெளிவாகவே சொன்னார்: தூக்கத்தில் மட்டும் வருகிற வலிப்பு, மூளைக்கு ராத்திரி ஓய்வே இல்லை, அப்புறம் படித்தது எப்படி நிற்கும்? மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும் என்றார். வெளியே வந்ததும் மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிப்புன்னு யார்கிட்டயும் வாய விட்றாதீங்க சார், பொம்பளப் புள்ள லா."

விரதம்

மாத்திரை வேலை செய்தது. வாய்ப்பாடு திங்கட்கிழமையும் இருந்தது! அட, பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாசி மகம் வந்தது. பிள்ளைக்கு நல்லாயிருச்சே என்று மாரியம்மா பால்குடம் நேர்ந்துகொண்டாள். பால்குடம் தூக்குவது சரோஜா. விரதம் முடியும்வரை மருந்து வாயில் படக் கூடாதென்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். விஷயம் தெரிந்து ஓடினேன், கத்தினேன். "குணப்படுத்துன சாமிக்கே துரோகம் பண்ணச் சொல்றீங்களா?" என்றாள், அழுதுகொண்டே. விரதம் முடியவில்லை, வலிப்பு விடாமல் அடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள்.

பிழைத்து வந்தாள். பள்ளிக்கும் வந்தாள். சிலேட்டைக் கையில் கொடுத்துப் பேரை எழுதச் சொன்னேன். வெகுநேரம் பலப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதுங்க சார், நான் பார்க்கிறேன்."

ஒரு பிள்ளைக்குப் பகலெல்லாம் சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், சொன்னது அவள் தலையில் தங்க நாள் தவறாமல் ஒரு மாத்திரை கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.