பிரஸ் மெஷினுக்கு உடைத்த பூசணி

ஆயுத பூஜை. எங்கள் ஒரகடம் கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் சூப்பர்வைசர் பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். குங்குமம் கலந்த சதை என் காலில் தெறித்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது இப்படி ஒரு மெஷின்தான் அப்பாவின் இடது கையில் மூன்று விரல்களை நசுக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பிய அன்றே அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்பா தட்டை எட்டி உதைத்தார்.

“வெரலத் துன்னவனுக்கு இன்னாடி கற்பூரம்?” என்று அவளை அறைந்தார்.

உதட்டில் ரத்தம் வழிய அம்மா சொன்னாள்: “அடிக்கறதுக்கு இன்னொரு கைய வுட்டு வெச்சிகிறான்யா. அதுக்குத்தான்.”

அப்பா அறைந்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கற்பூரத் தட்டு இப்போது என்னிடம் வந்தது. பத்து விரல்களையும் சுடரில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.