விளிம்பில் இருந்த சிவப்புப் புள்ளி

என் மனைவியின் ஓர்க்கிட் பூச்சாடி விறாந்தையில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. வாவி என்று எழுதுவோம், ஆறு என்றுதான் சொல்வோம். காலை வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வரும். சாடியைக் கண்டபடி திருப்பினால் வெளிச்சத்தைத் தேடி இலை முறுகிவிடும் என்று, நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் விளிம்பில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்ற எடுத்தாலும் புள்ளி மறுபடி ஆற்றுப் பக்கமே வரவேண்டும். இலைகள் இடமும் வலமுமாக அளவு பிசகாமல் விரிந்திருந்தன.

"இலைக்கும் வகிடு எடுக்கிறியா?" என்று சீண்டுவேன்.

"உங்கட தலையில எடுக்க என்ன கிடக்கு?" என்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஓட்டோவில் ஏறிய பிறகும் அதே கதைதான். "இஞ்சேருங்க, சாடியத் திருப்பிராதீங்க. நான் வந்து பாப்பன்."

அவள் உயிரோடு திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு வீடு கழுவினார்கள். மண்டூரிலிருந்து வந்த அவளுடைய அக்கா, சாடிகளையெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்து வரிசையாக வைத்திருந்தார். நான் பார்த்தபோது புள்ளி இல்லை.

"அத ஏன் தொட்டீங்க மச்சாள்?" ஆட்களுக்கு முன்னால் கத்திவிட்டேன்.

"ஊத்தையெண்டு நினைச்சன் மச்சான். தங்கச்சிட சாடி வடிவா இருக்கட்டுமெண்டுதான்..."

அவர் அழுதார். நானும் அழுதேன். செத்த வீட்டன்று வராத அழுகை அன்றுதான் வந்தது.

போனில் படங்களைத் தேடினேன். அவளும் பூவும் இருந்தார்கள், சாடியின் விளிம்பு ஒன்றிலும் இல்லை. செடி கொஞ்சமாவது சரிந்திருந்தால் எது முன்பக்கம் என்று கண்டுபிடித்திருக்கலாம். அவள்தான் அதை அவ்வளவு நேராக வளர்த்து வைத்திருக்கிறாளே. எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல்தான். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தை ஆற்றுக்குக் காட்டி வைத்தேன்.

மாரி மழையோடு நடுவில் ஒரு புது இலை எட்டிப் பார்த்தது. விடிந்ததும் முகம் கழுவாமலே போய் நிற்பேன். பிள்ளை பிறந்த வீடுபோல ஒரு பரபரப்பு எனக்கு. விரல் நீளம் வளர்ந்ததும் அது ஒரு பக்கமாக முறுகத் தொடங்கியது. பிழையான பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறேன்.

சாடியின் மறுபக்கம் ஆற்றைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். இனி வருகிற இலைகள் நேராக வரக்கூடும். இந்த இலை இனி நிமிராது. அவள் காணாமல் வந்த முதல் இலை அது.