கானுக்குள் நின்ற வரவேற்பு

காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் வரவேற்புக் குழு மொத்தமும் மழைநீர் ஓடும் சாலையோரக் கானுக்குள் இறங்கியது.

நேற்று ஊர்வலத்தில் என் மகள் நடுவீதியில் நின்று, போலீஸ் ஜீப்புக்கு வழிவிட மறுத்தாளாம். ஒதுங்கிப் போ என்று அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த எனக்கு, சின்ன வயதில் பார்த்த அந்தக் கான்தான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பாடகி வந்திருந்தார். தன் மக்களின் உரிமைக்காக மேடையில் பாடியவர், மறியல் செய்து சிறைக்கும் போனவர். ஹட்டனில் அவருக்கு அரசாங்கம் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அழைப்பு நகரத்துப் பெரியவர்களுக்கு மட்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் மாமா விடவில்லை. கொட்டகலைக்கு அருகே காரை நிறுத்தி, மாலை போட்டு, ஒரு நிமிடம் தப்படிப்பது என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிவைத்தார்.

“சாவுக்கும் சாமிக்கும் மட்டுந்தான் நம்ம தப்பு வேணும். ஒரு பெரிய மனுசி கேட்கட்டுமே!”

கார் வளைவில் தெரிந்ததும் கால்கள் பழகிய வேலையைச் செய்தன. கார் என்றால் தோட்டத்துத் துரை. துரை வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து, குடையை மடக்கி, கானுக்குள் நிற்க வேண்டும். நின்றோம். கார் போய்விட்டது.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணே, அந்தம்மா தேயிலைச் செடிக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிருக்கும்!”

மாமாவின் முகம் சுண்டிப்போனது. பின்னேரம் கார் அதே வழியாக நுவரெலியாவுக்குத் திரும்பும். “இந்த வாட்டி எவனாச்சும் எறங்குனீங்க, காலை ஒடிச்சிருவேன்!” என்றார்.

நாலரைக்குக் கார் வந்தது. முதலில் கானுக்குள் குதித்தவர் மாமாதான். தோளிலிருந்த தப்பு நழுவி, உருண்டு, நடு ரோட்டில் விழுந்தது. கார் நின்றது.

மஞ்சள் கவுன் போட்ட உயரமான பெண் இறங்கினார். தப்பை எடுத்தார். அதிலிருந்த சேற்றை, தோளில் கிடந்த அரசாங்கப் பொன்னாடையால் துடைத்தார். கான் ஓரத்துக்கு வந்து மாமாவிடம் கையை நீட்டி என்னவோ சொன்னார். காரில் அவரோடு வந்த ஒரு வாத்தியார் அதைத் தமிழில் சொன்னார்.

“‘எங்க ஊர்லயும் எங்களை இப்படித்தான் ஒதுங்கி நிக்கச் சொல்வாங்க. மாட்டேன்னு சொல்லித்தான் நான் ஜெயிலுக்குப் போனேன். மேல வந்து அடிங்க’ன்னு சொல்றாங்க.”

அரை மணி நேரம் அடித்தார்கள். அந்தம்மா ஆடினார், அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஆடினார். முழங்கால் ஆழம்கூட இல்லாத அந்தக் கானிலிருந்து மேலே ஏற மாமாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் இந்தக் கடிதம் எழுத உட்காரும்வரை எனக்கு விளங்கவில்லை.